கோதுமை அட்டையில் இரண்டாவது கோடு

பத்து நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும் என்று நோயாளியிடம் பெருமையாகச் சொல்கிற இளம் டாக்டர் பிள்ளைகளே, உங்களைத்தான் கூப்பிடுகிறேன். கொஞ்சம் உட்காருங்கள். கோவில்பட்டியில் காலமெல்லாம் கிளினிக் நடத்திவிட்டு, சமீபத்தில்தான் கதவைச் சாத்தினேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. அது பொய்யில்லை. இதைப் படிக்கும்போதும் நடுவில் இரண்டு இடத்தில் உங்களைத் திட்டுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விரலில் குத்தி, அட்டையில் ஒரு சொட்டு விட்டு, கோடு விழுகிறதா என்று பார்க்கிற சோதனைகள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். நான் தொழிலுக்கு வந்த காலத்தில் ரத்தத்தை மதுரைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்போம். முடிவு வருவதற்குள் சிலருக்குக் காய்ச்சல் தானாகவே விட்டுப்போயிருக்கும். சிலர் வேறு டாக்டரிடம் போயிருப்பார்கள். இப்போது டெங்குவுக்கு அட்டை, மலேரியாவுக்கு அட்டை, எல்லாவற்றுக்கும் அட்டை. வேகத்தைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் ஒரு கெட்ட செய்தி வருவதற்கு முன் வீட்டுக்காரர்களுக்கும் எனக்கும் மனசைத் தயார்ப்படுத்த நாலைந்து நாள் கிடைத்தது. இப்போது அந்தத் தயாரிப்பையும் அதே பத்து நிமிடத்துக்குள் செய்ய வேண்டியிருக்கிறது. அதை உங்களுக்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தருவதில்லை.

சீலியாக் என்று ஒரு நோய். கோதுமையில் இருக்கிற ஒரு சத்து சிலருடைய குடலுக்கு ஒத்துக்கொள்ளாது. சாப்பிடச் சாப்பிடக் குடலின் உள்பக்கம் தேய்ந்துகொண்டே வரும். எதைத் தின்றாலும் உடம்பில் ஒட்டாது. கரிசல் காட்டில் இதை யாரும் தேடுவதில்லை. சோறும் கம்பும் சோளமும் தின்கிற சனத்துக்குக் கோதுமை நோய் எங்கிருந்து வரும் என்று நாங்களும் இருந்துவிட்டோம். ஆனால் வீட்டுக்கு வீடு சுகர் வந்துவிட்டது. சுகர் வந்த ஒருவருக்காக வீடு முழுக்க ராத்திரிச் சப்பாத்திக்கு மாறிவிட்டது. 'அரிசியக் கொறைங்க, ராத்திரி கோதுமை எடுத்துக்கிடுங்க' என்று நான் சொல்லாத ஆள் இந்த வட்டாரத்தில் கிடையாது. பசுவந்தனையிலிருந்து புதூர் வரைக்கும் என்னைச் 'சப்பாத்தி டாக்டர்' என்றுதான் சொல்வார்கள். இந்தப் பட்டப்பெயர் பின்னால் என்னை என்ன பாடு படுத்தியது என்று சொல்கிறேன்.

நூற்பாலைக்கு வேலைக்கு வந்த வடநாட்டுக் குடும்பத்துக் குழந்தை ஒன்றுக்கு இந்த நோய் இருந்தது. அதற்கப்புறம் கிளினிக்கில் சீலியாக் அட்டை ஒரு பெட்டி வாங்கி வைத்திருந்தேன். ஒரு கோடு விழுந்தால் நோய் இருக்க வாய்ப்புக் குறைவு. இரண்டு கோடு விழுந்தால் சந்தேகம் பலம். அவ்வளவுதான். அட்டை சந்தேகத்தை மட்டும்தான் சொல்லும். உறுதி செய்யக் குடலுக்குள் குழாய் விட்டு, துளி சதை எடுத்துப் பார்க்க வேண்டும்.

ஸ்டெல்லாவை அவள் அம்மா மரியபுஷ்பம் கூட்டிக்கொண்டு வந்தது ஒரு திங்கட்கிழமை. பசுவந்தனைப் பக்கம் ஊர். ஸ்டெல்லாவுக்கு இருபது வயதிருக்கும். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. கையும் காலும் குச்சியாக இருந்தன. வயிறு மட்டும் உப்பியிருந்தது. துப்பட்டாவை இழுத்து இழுத்து வயிற்றை மூடிக்கொண்டிருந்தாள்.

"எதத் தின்னாலும் வாந்தி, இல்லாட்டி வயித்தால போவுது டாக்டரம்மா. ஒரு வருசமா இதே பாடு. கல்யாணத்துக்கு நாள் குறிச்சாச்சு. நேத்துக் கோயில்ல மொத ஓலையும் வாசிச்சிட்டாங்க. இந்தக் கோலத்துல எப்படி மணவறையில நிறுத்த?" என்றாள் அம்மா.

கத்தோலிக்கர் அல்லாதவர்களுக்காக, ஓலை என்றால் என்ன என்று சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மணமக்கள் பெயரை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தால் தெரிவிக்க வேண்டும் என்று சபையைக் கேட்பார்கள். ஊரே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மூன்று ஞாயிறு அது.

"மாசம் சரியா வருதா?" என்று கேட்டேன்.

ஸ்டெல்லா இல்லை என்று தலையை ஆட்டினாள். மூன்று மாதமாக வரவில்லை. முன்னாலும் இப்படி விட்டு விட்டுத்தான் வந்திருக்கிறது. அவள் இதைச் சொல்லும்போது மரியபுஷ்பம் மகளைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. கேள்வி ஒன்று அந்த வீட்டில் ஏற்கெனவே நடமாடிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்தது.

கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். ரத்தமே இல்லை. இரும்புச்சத்து மாத்திரை வருடக்கணக்கில் தின்றும் ஏறவில்லை. என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டேன். காலையில் ரவை உப்புமா, மத்தியானம் கடையில் பன்னும் டீயும், ராத்திரி சப்பாத்தி.

"அப்பாவுக்குச் சுகரு. நீங்கதான் சொன்னீங்களாம், எல்லாருமே சப்பாத்தி தின்னா நல்லதுன்னு" என்றாள்.

"எப்பவாச்சும் நல்லா இருந்திருக்கியா?"

யோசித்தாள். "சித்திக்குப் பிள்ள பெறந்தப்ப மணியாச்சியில போயி ஒரு மாசம் ஒத்தாசைக்கு இருந்தேன். அங்கன மூணு நேரமும் சோறுதான். அப்ப வயிறு ஒண்ணும் செய்யல."

இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? அம்மாவிடம் சொன்னேன்: "கோதுமை இவளுக்கு ஒத்துக்கிடுதான்னு ஒரு சோதனை இருக்கு. விரல்ல ஒரு குத்து. அவ்வளவுதான்." இரண்டு பேரும் சரி என்றார்கள். ஸ்டெல்லாவின் விரலில் குத்தி, அட்டையில் சொட்டு விட்டு, ரத்த அழுத்தக் கருவிக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தேன். எடை பார்த்துவிட்டு வா என்று அவளை நர்சோடு அனுப்பினேன்.

அந்த நேரத்தில் வெளியே கூச்சல். தோட்டத்து மோட்டாரில் ஷாக் அடித்த ஒருவரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். நான் ஓடினேன். நீங்களும் ஓடியிருப்பீர்கள். ஆள் பிழைத்துக்கொண்டார், கையில்தான் புண். அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்சில் ஏற்றிவிட்டுத் திரும்பி வரும்போது, என் அறைக்குள் பளார் என்று ஒரு சத்தம் கேட்டது.

ஸ்டெல்லா சுவரோடு சுவராக நின்றாள். கன்னம் சிவந்திருந்தது. மரியபுஷ்பத்தின் கையில் அட்டை. அதில் இரண்டு கோடுகள் தெளிவாக விழுந்திருந்தன.

"யாருட்டி அவன்? சொல்லு. ஜெராக்ஸ் கடைக்காரனா?"

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. வெள்ளைப் பிளாஸ்டிக் அட்டை, நடுவில் ஒரு சன்னல், அதில் இரண்டு சிவப்புக் கோடு. எங்கள் பக்கத்தில் இரண்டு கோடு என்றால் எல்லாப் பெண்களுக்கும் ஒரே அர்த்தம்தான். டிவியில் பார்த்திருக்கிறார்கள், மெடிக்கலில் வாங்கியிருக்கிறார்கள், ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் காட்டியிருக்கிறார். நாள் தள்ளிப்போன பெண், வாந்தி, உப்பிய வயிறு, இரண்டு கோடு. அந்தத் தாயின் இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதே கணக்குத்தான் போட்டிருப்பீர்கள்.

கதவைச் சாத்தினேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். அவர்கள் எவ்வளவு கேட்டார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

"இது அந்தச் சோதனை இல்ல. அதுக்கு ஒண்ணுக்குலதான் பாப்பாங்க, இது ரத்தம். நான்தான் சொன்னேனே, கோதுமைக்குப் பாக்குற சோதனைன்னு" என்றேன்.

"மறைக்காதீங்க டாக்டரம்மா. எம் மனசு ஒடஞ்சிரக் கூடாதுன்னு பாக்குதீங்க. ரத்தத்துலயும் அதப் பாப்பாங்கன்னு எனக்குத் தெரியும். கோதுமைக்கு ஒரு சோதனையா? ஒலகத்துல கேட்டதுண்டா? ஊருக்கெல்லாம் சப்பாத்தி தின்னுங்கன்னு சொன்ன வாயி இது. இன்னிக்கு அதே சப்பாத்தியால நோவுன்னு சொன்னா நான் நம்பணுமா?"

முப்பது கிராமத்துக்குச் சொன்ன நல்ல வார்த்தை அன்று என்னையே திருப்பி அடித்தது. நான் அவளைக் குறை சொல்ல மாட்டேன். என் வாயிலிருந்து வந்த இரண்டு பேச்சில் எது பொய் என்று அவள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. பழகியதை நம்பினாள்.

பிறகு அவள் கேட்டதுதான் அன்றைய நாளின் கடினமான கேள்வி. கையைக் கூப்பிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப சத்தியம் பண்ணுங்க. எம் மவ வயித்துல ஒண்ணும் இல்லன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் இப்பவே அவ கால்ல விழுந்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

என்னால் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் எனக்குத் தெரியாது. நான் அந்தச் சோதனையைச் செய்யவே இல்லை.

உங்களில் ஒரு புத்திசாலி இந்த இடத்தில் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது: ஒரு பொய் சொல்லியிருக்கலாமே, ஒரு பெண்ணைக் காப்பாற்ற ஒரு பொய் என்ன பெரிய விஷயம்? சொல்லுகிறேன் கேளுங்கள், முதல் திட்டு இதுதான். நான் இல்லை என்று சொல்லி, ஒருவேளை இருந்துவிட்டால்? இன்னும் சில வாரத்தில் அது தானாகத் தெரியவரும். அப்போது அந்தப் பெண்ணுக்கு ஊரில் என்னைத் தவிர நாதி இருக்காது. என் வார்த்தையும் அன்றைக்குச் செத்துப்போயிருக்கும். பொய்யைச் சொல்லி என்னைக் காலி செய்துகொண்டால், பிறகு அவளுக்காக நிற்க ஆள் யார்?

"எனக்குத் தெரியாதும்மா. தெரியாதத நான் சொல்ல மாட்டேன். இந்த அட்டைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அது மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்" என்றேன்.

"அப்ப அதையும் இப்பமே பாருங்க" என்றாள்.

நியாயமான பேச்சு மாதிரித்தான் தோன்றும். மருத்துவ முறைப்படியும், மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு அதைப் பார்க்கத்தான் வேண்டும். என் அலமாரியில் அந்த அட்டையும் இருந்தது. ஆனால் யார் உடம்பு அது? ஸ்டெல்லாவைப் பக்கத்து ஊசி அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன்.

"நீங்களும் அப்படித்தான் நெனைக்குதீங்களா டாக்டர்?" என்று கேட்டாள். அழவில்லை.

"நான் நினைக்கிறதுக்கு இங்க வேலை இல்ல. ஒனக்கு நாள் தள்ளியிருக்கு. யாரா இருந்தாலும் இதக் கேப்பேன். பாக்கட்டுமா? முடிவ ஒங்கிட்ட மட்டும்தான் சொல்லுவேன்."

"எனக்குப் பயம் ஒண்ணும் இல்ல டாக்டர். பாத்தா ஒண்ணும் இருக்காது. ஆனா அம்மா கதவுக்கு அந்தப் பக்கம் நிக்கையில பாக்க வேண்டாம். இன்னிக்குப் பாத்தா இதோட விடமாட்டாங்க. அடுத்த மாசம் வாந்தி எடுத்தா திரும்பக் கூட்டிட்டு வருவாங்க. கல்யாணத்துக்கப்புறம் அந்த வீட்டுலயும் இதே கேள்வி வரும். ஒவ்வொரு தரமும் நான் சோதனைக்கு நிக்கவா, நல்ல பிள்ளன்னு காட்ட?"

இருபது வயதுப் பெண் பேசிய பேச்சு அது. "சரி, பாக்கல. வீட்டுக்குப் போனா என்ன ஆகும்?" என்று மட்டும் கேட்டேன்.

"ஒண்ணும் ஆவாது டாக்டர்" என்றாள். ரொம்ப அமைதியாகச் சொன்னாள். துப்பட்டாவை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணைத் துடைக்கவில்லை, கன்னத்தைத் தடவவில்லை.

நான் எத்தனையோ மரணத்தைப் பார்த்தவள். எதற்கும் எளிதில் பயப்பட மாட்டேன். அந்த அமைதிக்குப் பயந்தேன். கத்துகிற பெண்ணுக்காகப் பயப்படாதீர்கள், ஆறுதல் சொல்ல வழி இருக்கிறது. கேட்ட கேள்விக்கெல்லாம் ஒழுங்காகப் பதில் சொல்லி, எல்லாவற்றையும் முடித்துவிட்ட மாதிரி உட்கார்ந்திருக்கிறவளைத் தனியே விட்டு ஒரு நிமிடம் நகராதீர்கள். நர்சை அவள் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அதற்குள் அவள் அப்பா சூசை வந்திருந்தார். உரக்கடைக்குப் போனவரை மரியபுஷ்பம் போன் போட்டு வரவழைத்திருந்தாள். உயரமான, ஒல்லியான மனிதர். அதிகம் பேச மாட்டார். என்னிடம் பல வருடமாகச் சுகருக்கு வருகிறவர்.

"அந்தச் சோதனைய நான் இன்னிக்குச் செய்யப் போறதில்ல. ஸ்டெல்லா வேண்டாம்னு சொல்லுதா. அவ வேண்டாம்னா வேண்டாம்தான்" என்றேன்.

"பாத்தீங்களா? மடியில கனம் இருக்கப் போயித்தான வேண்டாங்கா?" என்று மரியபுஷ்பம் புருஷனிடம் திரும்பினாள்.

கோதுமை நோயைப் பற்றி முதலிலிருந்து இருவருக்கும் சொன்னேன். மதுரையில் குடல் டாக்டரிடம் போக வேண்டும் என்றேன். அதுவரைக்கும் கோதுமையை நிறுத்தக் கூடாது என்பதையும் சொல்லித் தொலைக்க வேண்டியிருந்தது. நிறுத்திவிட்டால் குடல் ஆறத் தொடங்கிவிடும், சோதனையில் சரியாகத் தெரியாது. இது உங்களுக்குத் தெரியும். அவர்களுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசியுங்கள்.

"சப்பாத்தியாலதான் நோவுன்னு சொல்லுதீங்க. அதையே தின்னச் சொல்லவும் செய்யுதீங்க" என்றாள் மரியபுஷ்பம். அவள் சிரித்த சிரிப்பில் எனக்கு வந்த கோபத்தை அடக்க மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

சூசை மேசையில் கிடந்த அட்டையை எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு முழுக்கைச் சட்டையை மேலே தள்ளி, வலது கையை என் முன்னால் நீட்டினார்.

"எனக்குக் குத்துங்க டாக்டரம்மா. இதே அட்டையில பாருங்க. நான் ஆம்பள. எனக்கு ரெண்டு கோடு விழுந்தா இது கோதுமை அட்ட. இந்தப் பேச்சு இத்தோட முடிஞ்சிரும்."

எவ்வளவு எளிதான வழி! அவர் சொன்னதில் மருத்துவமும் இருந்தது. இந்த நோய் ரத்த சொந்தத்தில் வரும், பெற்றவர்களுக்கும் பார்க்கத்தான் வேண்டும். பெட்டியைத் திறந்து ஒரு அட்டையைக் கையில் எடுத்துவிட்டேன். மரியபுஷ்பம் கிட்டே வந்து நின்றாள். ஊசி கையில் இருக்கிறது, விரல் முன்னால் இருக்கிறது, இரண்டு பேரும் கேட்கிறார்கள், பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டாயிற்று.

இரண்டாவது திட்டு உங்களுக்கு இங்கேதான். சோதனை இருக்கிறது என்பதற்காகக் குத்தாதீர்கள். ஒரு கோடு விழுந்தால் இந்த அறையில் என்ன நடக்கும், இரண்டு விழுந்தால் என்ன நடக்கும் என்று குத்துவதற்கு முன்னால் கேளுங்கள். ரத்த சொந்தத்தில் சிலருக்குத்தான் இந்த நோய் இருக்கும். பலருக்கு இருக்காது. சூசைக்கு ஒற்றைக் கோடு விழுவதற்கே வாய்ப்பு அதிகம். அப்பாவுக்கு ஒன்று, மகளுக்கு இரண்டு. அதற்கப்புறம் நான் நூறு புத்தகத்தைக் காட்டினாலும் ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஊசி அறையில் துப்பட்டாவை மடியில் மடித்து வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

ஊசியைக் கீழே வைத்தேன்.

"அண்ணாச்சி, ஒரு கோடுதான் விழுந்தா என்ன நெனைப்பீங்க? அத மொதல்ல சொல்லுங்க. பெறகு குத்துதேன்."

மரியபுஷ்பம்தான் பதில் சொன்னாள்.

"என்ன நெனைக்க? அவருக்கு இல்ல, இவளுக்கு இருக்குன்னுதான்."

"எது இருக்குன்னு?" என்று கேட்டேன்.

அவள் கண்ணைத் திருப்பிக்கொண்டாள். நான் சூசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெளியே யாரோ டோக்கன் நம்பர் கேட்டுச் சண்டை போடுகிற சத்தம் கேட்டது. அவர் நீட்டிய கை அப்படியே மேசைமேல் இருந்தது. அவர் 'குத்துங்க' என்று மறுபடியும் சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது.

மெல்லக் கையை இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம் டாக்டரம்மா. நான் பாட்டுக்கு மவளக் கூண்டுல ஏத்த வெரல நீட்டிட்டேன்" என்றார். பிறகு பெண்டாட்டியைப் பார்த்து, "நீ செத்த பேசாம இரு" என்றார். எழுந்து ஊசி அறைக்குப் போனார். நானும் பின்னால் போனேன்.

"தாயி" என்று மகள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார். "ஒடம்புக்கு என்ன செய்யுது ஒனக்கு? எங்கன வலிக்குது?"

அன்று காலையிலிருந்து அந்தப் பெண்ணிடம் வீட்டு ஆள் ஒருவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. அப்போதுதான் ஸ்டெல்லா அழுதாள். அடிவயிற்றிலிருந்து வந்த அழுகை. அதைக் கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கமில்லாமல் சொல்கிறேன், நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

போகும்போது சூசையைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன்: "இன்னிக்கு அவளத் தனியா விடாதீங்க. திட்டவும் வேண்டாம், எதையும் துருவிக் கேக்கவும் வேண்டாம். காலையில மொத ஆளா அவளக் கூட்டிட்டு வந்து என் கண்ணுல காட்டுங்க." அவர் ஏன் என்று கேட்கவில்லை. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் கிளினிக்குக்குப் போனபோது, வாசலில் அப்பாவும் மகளும் டீ குடித்துக்கொண்டு நின்றார்கள். நான் கும்பிடாத சாமி இல்லை.

மதுரையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். சதையிலும் நோய் உறுதியாயிற்று. அங்கே கேட்க வேண்டியதையெல்லாம் அவளைத் தனியே உட்காரவைத்துக் கேட்டார்கள், பார்க்க வேண்டியதைப் பார்த்தார்கள். என்ன பார்த்தார்கள் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை.

கோதுமையை நிறுத்துவது சொல்லுகிற மாதிரி லேசில்லை. ரவை, சேமியா, பன், பரோட்டா எல்லாவற்றையும் மரியபுஷ்பம்தான் வீட்டைவிட்டு விரட்டினாள். கடைப் பெருங்காயத்தில்கூட மைதா கலப்பார்கள் என்று தெரிந்த அன்று, டப்பாவைத் தூக்கிக்கொண்டு என்னிடம் சண்டைக்கு வந்துவிட்டாள், "இத ஏன் மொதல்லயே சொல்லல?" என்று. கோயிலில் பூசையின்போது நன்மை என்று கொடுக்கிற அப்பமும் கோதுமைதான். பங்குச் சாமியார் யோசித்துவிட்டு, ஸ்டெல்லாவுக்குக் கிண்ணத்துத் திராட்சை ரசத்தை மட்டும் கொடுத்தார். அடுத்த ஓலையை வாசிக்க வேண்டாம், உடம்பு தேறட்டும் என்று அவரிடம் போய்ச் சொன்னதும் ஸ்டெல்லாவேதான். மாப்பிள்ளை வீட்டார் முதலில் முகத்தைத் தூக்கினார்கள், பிறகு காத்திருக்கச் சம்மதித்தார்கள். சில மாதங்களில் முகத்தில் சதை விழுந்தது, வயிறு வற்றியது, மாதவிடாய் தானாக வந்தது. அன்றைக்கு மரியபுஷ்பம் என் கிளினிக்கில் எல்லோர் முன்னாலும் மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மகள் அசையாமல் நின்றாள். சில காரியங்களுக்கு மருந்து மெதுவாகத்தான் வேலை செய்யும்.

எல்லாம் அடங்கின பிறகுதான் பெற்றவர்களுக்குப் பார்க்க வேண்டியதைப் பற்றிப் பேச்செடுத்தேன். ஒரு சனிக்கிழமை மூன்று பேரும் வந்தார்கள். அந்த முறை எந்த அவசரமும் இல்லை, கதவும் திறந்தே கிடந்தது. அப்பாவும் அம்மாவும் வெளியே கோதுமை தின்றுகொண்டுதான் இருந்தார்கள், அதனால் அட்டையை நம்பலாம். இரண்டு பேருக்கும் குத்தி, இரண்டு அட்டையையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

மரியபுஷ்பத்தின் அட்டையில் இரண்டு கோடு விழுந்தது. எனக்கு ஆச்சரியமில்லை, அவள் கண் வெளுத்திருந்ததை எப்போதோ கவனித்திருந்தேன். அவள் அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை.

"இத அன்னிக்கே எனக்குப் பாத்திருக்கலாமே டாக்டரம்மா. இந்த வயசுல என்னைய யாரு என்ன சொல்லுவா? பிள்ளைய நான் இம்புட்டு அழவச்சிருக்க வேண்டாமே."

நான் பதில் சொல்வதற்குள் சூசை தன் அட்டையை எடுத்துப் பார்த்தார். அதில் ஒரே ஒரு கோடு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"நான்தான அன்னிக்கு வெரல நீட்டினேன்" என்றார் மெதுவாக.

ஸ்டெல்லா அவர் கையிலிருந்த அட்டையை எட்டிப் பார்த்தாள்.

"ஆமாப்பா. அன்னிக்கு டாக்டரம்மா ஒங்களுக்குக் குத்தியிருந்தா நான் பசுவந்தனை பஸ் ஏறியிருக்க மாட்டேன்" என்றாள். "ரயில்வே லைனுக்குப் போயிருப்பேன்."

மரியபுஷ்பம் கையிலிருந்த அட்டை தரையில் விழுந்தது. சூசை மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். வெளியே அடுத்த நோயாளி எழுந்து வந்துகொண்டிருந்தார். நான் போய் அவரைக் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லிவிட்டு, கதவைச் சாத்தினேன்.